கைராசியும் கணக்கும்

மோட்டார் சைக்கிளின் சைலன்சரையும் காற்று வடிகட்டியையும் மாற்றிய பிறகு, அதன் எரிபொருள் அமைப்பைப் புதிய நிலைமைக்கு ஏற்பச் சீர்செய்யும் வேலையைப் பட்டறைகளில் ட்யூனிங் என்பார்கள். அது முழுக்க முழுக்கக் காதும் கைராசியும் சார்ந்த வித்தை என்றும், அதற்கு அளவுகோல் கிடையாது என்றும், ஆகவே அதன் விலைக்குக் கணக்குக் கேட்பது வித்தை தெரிந்தவரை அவமதிப்பதாகும் என்றும் ஒரு கருத்து தமிழ்நாட்டின் வண்டிப் பிரியர்களிடையே வேரூன்றியிருக்கிறது. எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் வண்டிகள் பெருகிய பின் இதே நம்பிக்கை வேறு உருவெடுத்து, கைராசி இருந்த இடத்தில் விலையுயர்ந்த ஒரு பெட்டியை வைத்திருக்கிறது: பெட்டியை வாங்கிப் பொருத்தினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்பது அதன் புதிய வடிவம். இரண்டும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. எஞ்சினுக்குள் செல்லும் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் இடையிலுள்ள விகிதம் அளந்தறியத்தக்கது. அளந்து செய்த வேலைக்கு மட்டுமே நியாய விலை என ஒன்றைச் சொல்ல முடியும். அளக்காமல் செய்த வேலைக்குக் கேட்கப்படும் தொகை, குறைவாயினும் மிகுதியாயினும், ஊகத்துக்குக் கொடுக்கும் விலையே.

பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு, எடைக் கணக்கில், அதன் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று இதைவிட மிகுந்த கலவையை லீன் என்றும், பெட்ரோல் மிகுந்ததை ரிச் என்றும் பட்டறை வழக்கில் குறிப்பார்கள். எஞ்சின் தன் முழு இழுவையைத் தருவது 12.5-க்கும் 13.2-க்கும் இடைப்பட்ட, சற்று ரிச்சான கலவையில். சீரான வேகத்தில் செல்லும்போது 14.7-ஐ ஒட்டி இருந்தால் எரிபொருள் மிச்சமாகும். ஆகவே ஒரு வண்டிக்குச் சரியான கலவை என்பது ஒற்றை எண் அல்ல. திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடுகிறது, எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பவற்றுக்கேற்ப மாறும் எண்களின் தொகுதி. கார்புரேட்டரில் இந்தத் தொகுதியைப் பல உறுப்புகள் பங்கிட்டுக்கொள்கின்றன. நின்ற இடத்தில் ஓடும்போதும் திராட்டில் எட்டில் ஒரு பங்கு வரை திறக்கும்போதும் ஸ்லோ ஜெட் எனப்படும் சிறு துளையும் அதனுடன் சேர்ந்த திருகும் ஆள்கின்றன. அதையடுத்துக் கால் பங்கு வரை, மேலேறும் ஸ்லைடின் அடிவெட்டும், கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஸ்லைடோடு சேர்ந்து ஏறும் ஊசியும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் கலவையைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஒன்று சரியாக இருப்பதால் மற்றவையும் சரி என்று ஆகிவிடாது என்பதை மனத்தில் கொண்டால், இரண்டு நிமிடம் திருகைத் திருப்பிவிட்டு வண்டி ட்யூன் ஆகிவிட்டது என்று சொல்வதன் பொருளின்மை விளங்கும்.

வடிகட்டியை மாற்றியதால் கலவை ஏன் மாற வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியாகக் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. மிதவைக் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் வெளிக்காற்றின் அழுத்தத்தில் இருப்பதால், அந்த வேறுபாட்டினால் ஜெட் வழியே மேலே உந்தப்படுகிறது. தயாரிப்பாளர் பொருத்திய காற்றுப்பெட்டியும் காகித வடிகட்டியும் காற்றைச் சற்றே தடுப்பவை. அந்தத் தடையும் கழுத்திலுள்ள அழுத்தத்தைக் குறைப்பதில் பங்கு வகிப்பதால், அதையும் கணக்கில் சேர்த்தே ஜெட்டின் அளவு முடிவுசெய்யப்பட்டிருக்கிறது. பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த வடிகட்டி ஒன்றை நேரடியாக மாட்டும்போது காற்று கூடுகிறது, ஆனால் பெட்ரோலை உந்தும் அழுத்த வேறுபாடு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கலவை லீன் பக்கம் சாய்கிறது. தடையற்ற சைலன்சர் இந்தச் சாய்வை மேலும் கூட்டக்கூடும். இதில் மறைபொருள் எதுவும் இல்லை. மாற்றத்தின் திசை முன்கூட்டியே தெரிந்தது, அதன் அளவுதான் ஒவ்வொரு வண்டியிலும் அளந்து காண வேண்டியது.

காதின் ஆற்றலை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினின் கலவைத் திருகை மெல்லத் திருப்பி, சுற்று எந்த இடத்தில் உச்சத்தைத் தொட்டு மீண்டும் இறங்கத் தொடங்குகிறது என்று கேட்டறியும் முறை பிழையற்றது. பழகிய மெக்கானிக் ஒருவர் அதைக் கருவியின் துணையின்றியே துல்லியமாகச் செய்துவிடுவார். திராட்டிலைச் சட்டென்று திறக்கும்போது வரும் திணறலும், மூடும்போது சைலன்சரில் எழும் வெடிப்பும், தேர்ந்த காதுக்குப் பல செய்திகளைச் சொல்கின்றன. ஆனால் பாரத்தோடு, முக்கால் திராட்டிலில், நிமிடத்துக்கு ஆறாயிரம் ஏழாயிரம் சுற்றில் ஓடும் எஞ்சினில் 13-க்கும் 14.5-க்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் காதும் பிரித்தறியாது. அங்கேதான் பிஸ்டனின் ஆயுள் இருக்கிறது. இன்னும் கவலைக்குரியது, லீன் பக்கம் சாய்ந்த எஞ்சின் பல வேளைகளில் ஓட்டுபவருக்குக் கூர்மையாகவும் துடிப்பாகவும் தோன்றுவதுதான். இரட்டை வீச்சு எஞ்சின்களில், அதாவது டூ ஸ்ட்ரோக் வண்டிகளில், பிஸ்டன் சீஸ் ஆவதற்குச் சற்று முன்னரே வண்டி மிக இனிமையாக ஓடுவதுண்டு என்பது அந்த எஞ்சின்களோடு வாழ்ந்தவர்கள் அறிந்தது. புலனுக்கு இனிமையாகப் படுவதே சரியான கலவை என்று கொள்பவர், எஞ்சின் ஆபத்தை நெருங்கும் தருணத்தில் அதைப் பாராட்டிக்கொண்டிருப்பார்.

கைராசிக் கட்சியினர் இந்த இடத்தில் ஸ்பார்க் ப்ளக்கைக் காட்டுவார்கள்: ப்ளக்கைக் கழற்றி அதன் பீங்கான் மூக்கு இளம்பழுப்பாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும், கருவி எதற்கு என்பார்கள். அந்த நிறவாசிப்பு ஈயம் கலந்த பெட்ரோலின் காலத்தில் உருவாகி முதிர்ந்த கலை. அந்த நிறங்களுக்கு ஈயத்தின் எச்சங்களும் காரணமாக இருந்தன. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் ஈயம் நீக்கிய பெட்ரோல்தான் எங்கும் விற்கப்படுகிறது. இன்றைய எரிபொருளில் புதிய ப்ளக் வெகுதூரம் வெண்மையாகவே இருக்கும். தெருமுனை வரை ஓட்டிவந்து கழற்றிப் பார்த்த ப்ளக்கின் நிறம் பெரும்பாலும் வண்டி நின்று ஓடிய நேரத்தின் நிறமே. முழுத் திராட்டிலில் ஓட்டி, அதே கணத்தில் எஞ்சினை அணைத்துக் கிளட்சைப் பிடித்து நிறுத்திப் பார்ப்பதுதான் முறையான வாசிப்பு, அதற்கும் பூதக்கண்ணாடியும் புதிய ப்ளக்குகளும் தனித்த சாலையும் வேண்டும்.

சோழவரத்து விமானத் தளத்தில் ஓடிய பந்தயங்களையும், 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே திறக்கப்பட்ட ஓடுதளத்தையும், கருவி ஏதுமின்றி அங்கே வென்ற வண்டிகளையும் சான்றாகக் காட்டுவது இன்னொரு வழக்கம். அந்தச் சான்று எதிர்த் தரப்புக்கே வலுச்சேர்க்கிறது. பந்தயத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தக் கடிகாரம் இருந்தது. ஜெட்டை ஒரு எண் மாற்றினால் நேரம் குறைந்ததா கூடியதா என்பது அடுத்த சுற்றிலேயே தெரிந்தது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து விளைவைப் பார்ப்பது அங்கே தொழில் ஒழுக்கம். பந்தயக் களத்திலிருந்து பட்டறைக்கு வந்து சேர்ந்தது அந்த வீரர்களின் புகழ் மட்டும்தான், அவர்களின் கடிகாரமும் குறிப்பேடும் வரவில்லை.

நண்பரின் வண்டியில் போட்ட ஜெட் எண்ணையே தன் வண்டிக்கும் போட்டுக்கொள்வது கைராசி நம்பிக்கையின் மலிவான கிளை. துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரிலிருந்து 1.1 மில்லிமீட்டராகும்போது கூடுவது பத்து விழுக்காடு போலத் தோன்றினாலும், பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால் உண்மையில் 21 விழுக்காடு கூடுகிறது. போதாக்குறைக்கு, ஜப்பானிய மிகுனி நிறுவனத்தின் அறுகோண ஜெட்டுகளில் பொறித்த எண் பெட்ரோல் பாயும் அளவைக் குறிப்பது. கெய்ஹின் ஜெட்டுகளில் அது துளையின் விட்டத்தைக் குறிப்பது. அடையாளம் தெரியாத சந்தைச் சரக்கில் பொறித்த எண்ணுக்கும் துளைக்கும் பொருத்தம் இருக்கும் என்பதற்கு உறுதியே கிடையாது. ஊரும் உயரமும் வேறு சேர்ந்துகொள்ளும்: சென்னையில் சரியாக அமைத்த கார்புரேட்டர் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு ஏறும்போது, காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவதால், கலவை ஏறத்தாழ 11 விழுக்காடு ரிச்சாகிவிடும். வேறொரு வண்டியின் எண் தேடலைத் தொடங்கும் இடத்தைக் காட்டலாம். அதற்கு மேல் அதனால் பயனில்லை.

இவையனைத்தையும் விடப் பெரிய மாற்றம் பெட்ரோல் நிலையத்திலேயே நிகழ்ந்துவிட்டது, அதைப் பட்டறைகள் இன்னும் போதிய அளவு பேசவில்லை. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுவதும் பொது எரிபொருளாகவே ஆகிவிட்டது. எத்தனால் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவது; அதனால் முழு எரிப்புக்கு வேண்டிய காற்றின் அளவு கலப்பற்ற பெட்ரோலின் 14.7-இலிருந்து ஏறத்தாழ 13.5-க்கு இறங்குகிறது. ஜெட்டின் துளை மாறாதபோது, கலப்பற்ற பெட்ரோலுக்கெனச் சரியாக அமைத்த வண்டி, எவரும் திருகைத் தொடாமலேயே ஏழு எட்டு விழுக்காடு லீன் ஆகிவிட்டது என்பது இதன் பொருள். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற 98 சிசி வண்டியை, பெரிய ஜெட்டுக்கும் அகன்ற சைலன்சருக்கும் மாற்றி, பழைய நாளில் ஒரு கைராசிக்காரர் சரிசெய்து கொடுத்தது இன்றும் செல்லும் என்று நம்பி ஓட்டுபவர், அந்த நம்பிக்கைக்குப் பிஸ்டனைப் பணயம் வைக்கிறார். அளந்து எழுதிவைத்த வண்டியாக இருந்தால், எரிபொருள் மாறியபோது எந்த எண்ணிலிருந்து எவ்வளவு நகர வேண்டும் என்பது தாளைப் பார்த்தாலே விளங்கும். கைராசி தாளில் எதையும் விட்டுச்செல்வதில்லை.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் அளவி வேலை செய்யாது என்ற மறுப்பு எழும், அதில் பாதி உண்மை இருக்கிறது. புகைக்குழாயில் மிஞ்சும் ஆக்சிஜனைக் கொண்டு கலவையின் விகிதத்தைக் காட்டும் அகல்பட்டை உணரி, ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களில் மிக நம்பகமானது. டூ ஸ்ட்ரோக்கில் எரியாத புதுக்கலவையின் ஒரு பகுதி நேரே புகைக்குழாய்க்குள் தப்பிவிடுவதாலும், எண்ணெய் உணரியில் படிவதாலும் அதன் எண்களை அப்படியே ஏற்க முடியாது. அதற்காக அளவையே கைவிட வேண்டியதில்லை. ப்ளக்கின் அடியில் வளையமாகப் பொருத்தும் வெப்ப உணரி சிலிண்டர் தலையின் வெப்பத்தைக் காட்டும். புகைக்குழாயில் பொருத்தும் உணரி புகையின் வெப்பத்தைக் காட்டும். ஒரே சாலையின் ஒரே நீளத்தில், ஒரே கியரில், குறித்த வேகத்திலிருந்து குறித்த வேகத்துக்கு வண்டி எத்தனை நொடியில் செல்கிறது என்பதைக் கைபேசியின் கடிகாரம்கூடக் காட்டும். புகைச் சான்றிதழ் தரும் நிலையத்திலுள்ள வாயு ஆய்வுக் கருவி, நின்ற நிலையின் கார்பன் மோனாக்சைடு அளவைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். 2000 மார்ச் இறுதிக்கு முன் தயாரான இரு சக்கர வண்டிகளுக்கு 4.5 விழுக்காடு என்பது விதிகள் தரும் வரம்பு. அந்தக் கருவியைச் சான்றிதழுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு ட்யூனிங்குக்குப் பயன்படுத்தாமல் இருப்பது கையிலிருக்கும் அறிவை வீணாக்குவது.

இனி பெட்டியைப் பற்றி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்ததும் இந்தியாவில் புதிதாக விற்கப்படும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை கார்புரேட்டரைக் கைவிட்டன. இவற்றில் எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதை இ.சி.யு. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி, சுற்றையும் திராட்டில் நிலையையும் உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தத்தையும் பார்த்து, தன்னுள் பதித்த அட்டவணையிலிருந்து எடுக்கிறது. அந்த அட்டவணைக்கு மேப் என்று பெயர். சீரான ஓட்டத்தின்போது புகைக்குழாயின் ஆக்சிஜன் உணரி சொல்வதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் இந்தக் கணினி, முழுத் திராட்டிலில் அந்த உணரியைப் புறக்கணித்து மேப்பை மட்டுமே நம்புகிறது. தயாரிப்பாளர் பொருத்தும் சாதாரண உணரிக்கு 14.7 என்ற எல்லையைக் கடந்ததா இல்லையா என்பது மட்டுமே நன்றாகத் தெரியும். 13 எது, 12 எது என்று அது சொல்லாது. ஆகவே அந்த உணரியின் குறிப்பைத் திரித்துக் கணினியை ஏமாற்றிக் கூடுதல் பெட்ரோல் வாங்கித் தரும் மலிவான பெட்டிகள், முழுத் திராட்டிலில் என்ன நடக்கிறது என்பதைத் தொடுவதே இல்லை. மேப்பையே மாற்றும் விலையுயர்ந்த பெட்டிகள் உண்மையான கருவிகள்தாம். ஆனால் அவற்றோடு வரும் தயார்நிலை மேப், வேறொரு வண்டியில், வேறொரு சைலன்சரோடு, வேறொரு எரிபொருளில் எழுதப்பட்டது. அதை ஏற்றிவிட்டு ட்யூனிங் முடிந்தது என்பவர், நண்பரின் ஜெட் எண்ணைக் கடன் வாங்கியவர் செய்த அதே வேலையைப் பல மடங்கு விலைக்குச் செய்கிறார்.

விலை உயர்ந்தால் வேலை உயரும் என்ற எண்ணத்துக்கு டைனோவின் தாளும் துணைபோகிறது. சக்கரத்தை உருளையின்மீது ஓட்டி அதன் திறனை அளக்கும் அமைப்பு டைனோ; முறையாகப் பயன்படுத்தினால் பாரத்தோடு கலவையைச் சீர்செய்ய அதைவிடச் சிறந்த இடம் இல்லை. ஆனால் ஒரு டைனோவின் எண்ணும் மற்றொன்றின் எண்ணும் ஒப்பிடத்தக்கவை அல்ல. காற்றின் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் செய்யும் திருத்தக் கணக்கு மாறினால் அதே வண்டி சில குதிரைத்திறன் கூடியோ குறைந்தோ காட்டும். வேலைக்கு முன்னும் பின்னும், அதே உருளையில், அதே நாளில் எடுத்த இரண்டு கோடுகளுக்கு மட்டுமே பொருள் உண்டு. அவற்றோடு கலவை விகிதத்தின் கோடும் இல்லாவிட்டால் அந்தத் தாள் அலங்காரம். கூடிய குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று விலை பேசுவது ஆபத்தும்கூட, ஏனெனில் லீன் பக்கம் தள்ளியும் பற்றவைப்பை முன்னேற்றியும் ஒரு நாளைக்கு மட்டும் எண்ணைக் கூட்டிக் காட்டுவது கடினமன்று.

அளந்து செய்தால் செலவு கூடும், எளிய உரிமையாளரால் தாங்க முடியாது என்பது மாற்றுத் தரப்பின் மிக வலுவான வாதம். அதற்கு நேரடியாக விடை சொல்ல வேண்டும். மெயின் ஜெட் ஒன்றின் விலை பெரும்பாலும் சில நூறு ரூபாயைத் தாண்டாது. அகல்பட்டை உணரியும் அதன் காட்டியும் விலை மிக்கவைதாம். ஆனால் ஒரு பட்டறை அதை ஒருமுறை வாங்கினால் பல வண்டிகளுக்கு அது உழைக்கும், அக்கம்பக்கத்துப் பட்டறைகள் சேர்ந்தும் வாங்கிக்கொள்ளலாம். உண்மையில் செலவைக் கூட்டுவது அளக்காமைதான்: திணறலுக்கு முதலில் ப்ளக், பிறகு காயில், பிறகு கார்புரேட்டர் முழுவதுமே புதிது என்று பாகங்களை மாற்றிக்கொண்டே போகும் உரிமையாளர், கடைசியில் உள்ளிழுப்புக் குழாயின் ரப்பரில் இருந்த வெடிப்பு வழியாகக் காற்று கசிந்ததே காரணம் என்று அறிய நேர்வது பட்டறைகளில் அன்றாடம் காண்பது. டேப்பட் இடைவெளி, மிதவையின் உயரம், சிலிண்டரின் அழுத்தம், காற்றுக் கசிவு ஆகியவற்றைச் சோதிக்காமல் ஜெட்டைத் தொடுவதே தவறு. இந்தச் சோதனைக்கு ஆகும் நேரமே ட்யூனிங்கின் முதற்செலவு.

அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க மறுப்பவர் உரிமையாளரே என்பதை மறைக்கக் கூடாது. பாகத்தைக் காட்டினால் பணம் எடுத்துத் தருபவர், இரண்டு மணி நேரம் சோதித்து எதையும் மாற்றத் தேவையில்லை என்று சொன்ன மெக்கானிக்குக் கூலி கொடுக்கத் தயங்குகிறார். மருந்து விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் வைக்கப்பட்ட வைத்தியர் மருந்தைத்தான் எழுதுவார். பட்டறையும் அப்படியே பாகங்களை விற்றுப் பிழைக்கத் தள்ளப்பட்டிருக்கிறது. கைராசி என்னும் புகழுரை இந்த அநீதிக்கு மறைப்பாக அமைகிறது: வித்தையை வானளாவப் புகழ்ந்துவிட்டு, அதற்குச் செலவான மணி நேரத்துக்கு ஒன்றும் கொடுக்காமல் போவதற்கு அது வசதி செய்து தருகிறது. பல ஆண்டுகள் கரிபடிந்த கைகளோடு உழைத்துக் கற்ற அறிவு, பிறவி வரம் போலப் பேசப்படும்போது, அதைக் கற்பிக்கவும் முடியாமல் விலைப்படுத்தவும் முடியாமல் போகிறது. பட்டறையில் வேலை பழகும் இளைஞருக்குக் குருவின் காது கிடைக்காது. எண்கள் கிடைத்தால் அவர் இரண்டு ஆண்டில் கற்பதைக் கைராசியின் நிழலில் பத்து ஆண்டிலும் கற்க மாட்டார்.

நியாயமான விலை என்பது, ஆகவே, சோதனைக்கான கூலியைத் தனியாகவும், பாகங்களை அவற்றின் விலைக்கும், சீர்செய்யும் நேரத்தை மணிக்கணக்கிலும், டைனோ தேவைப்பட்டால் அதன் வாடகையைத் தனியாகவும் வேலை தொடங்குமுன் சொல்வது. அதற்கு ஈடாக உரிமையாளர் கையில் வர வேண்டியது ஓசை மாறிய வண்டி மட்டுமன்று: போட்ட ஜெட்டுகளின் எண், ஊசியின் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது, திருகு எத்தனை சுற்று திறந்திருக்கிறது, கால், அரை, முழுத் திராட்டிலில் விகிதம் என்னவாக இருந்தது, எந்த எரிபொருளில் அளக்கப்பட்டது என்ற குறிப்பும் சேர்ந்துதான். மின்னணு வண்டியாயின் தயாரிப்பாளரின் மூல மேப்பின் நகலும், புதிய மேப்பும் உரிமையாளருக்குச் சொந்தம். பணம் வாங்கிய பின் அந்தக் கோப்பைப் பூட்டிவைத்து, அடுத்த சிறு மாற்றத்துக்கும் தம்மிடமே வரச்செய்யும் வழக்கத்தைத் தொழில் இரகசியம் என்று காப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

சட்டத்தைப் பற்றிய ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. புகை வடிகட்டும் வினையூக்கியை அகற்றிய சைலன்சரோடு பொதுச்சாலையில் செல்வதை எந்த ட்யூனிங்கும் முறையாக்கிவிடாது. நேர்மையான ட்யூனர் இதை முதலிலேயே சொல்வார், அதைச் சொன்னதற்காக வாடிக்கையாளரை இழக்கவும் நேரலாம்.

அவர் சொல்ல வேண்டியிருக்கும் இன்னொன்றும் உண்டு. வெற்றிடத்தால் ஸ்லைடு மேலேறும் வகைக் கார்புரேட்டர்களில், காற்றுப்பெட்டி தரும் அமைதியான காற்றோட்டம் இல்லாவிட்டால் ஸ்லைடு நிலையாக நிற்காது. நடுத்திராட்டிலில் வரும் அந்தத் தொய்வை எந்த ஜெட்டும் முழுமையாகப் போக்காது. அப்படிப்பட்ட வண்டிக்குச் சிறந்த ட்யூனிங், கழற்றி மூலையில் போட்ட காற்றுப்பெட்டியைத் தேடியெடுத்து மீண்டும் பொருத்துவதும், சைலன்சருக்கேற்ப மெயின் ஜெட்டை ஓர் எண் மட்டும் கூட்டுவதுமாக இருக்கலாம். அந்த முடிவுக்கு வர ட்யூனருக்கு அரைநாள் அளவீடு தேவைப்பட்டிருக்கும்; விற்பனைக் கணக்கில் ஒரே ஒரு ஜெட் மட்டுமே ஏறும். அரைநாளின் முழுக் கூலியை அவர் கேட்கும்போது, ஒரு ஜெட்டுக்கா இவ்வளவு என்று முகம் சுளிக்காமல் உரிமையாளர் அதைக் கொடுக்க வேண்டும்.